குதிரை எங்கே மாப்ள?

சிகரெட் பிடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா முறையாப் பிடிக்கணும் மாப்ள. அரைகுறையாப் பிடிக்கறது எனக்குப் பிடிக்காது.

நீ பிடிக்கறது மாமனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்க. ஓசூர் சிப்காட் கேட்டுக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில ஒரு கையில டீயும் ஒரு கையில நெருப்புமா நீ நின்னா, டீ ஆறுறதுக்குள்ள சேதி சூளகிரிக்கு வந்துடும். மூணு பாஷை புழங்கற ஊரு இது. ஒருத்தன் தெலுங்குல சொல்லுவான், ஒருத்தன் கன்னடத்துல கேட்டுக்குவான், உங்க அத்தை காதுக்கு வர்றப்ப அது நல்ல தமிழாயிருக்கும். பயப்படாதே, திட்ட வரல. திட்டறதுக்கு உங்க அம்மா இருக்கா. நான் தாய்மாமன், நல்லது கெட்டது சொல்லிக் கொடுக்கற ஆளு. நல்லதை உங்க வாத்தியாருங்க சொல்லிட்டாங்க. மிச்சம் என் பங்கு.

உன் ரூம் சுவத்துல ரெண்டு படம் பார்த்தேன். கண்ணாடி போட்டு மாட்டியிருக்க. ஒண்ணுல தொப்பி வெச்ச வெள்ளைக்காரன் குதிரை மேல உக்காந்து தூரத்துல எதையோ பார்க்கறான். இன்னொண்ணுல பட்டுப்புடவைக்காரியும் கோட்டுப் போட்டவனும் சிரிக்கறாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு படத்துல போடல. பழைய சிகரெட் விளம்பரமாம், ஆன்லைன்ல வாங்கினதாம், 'விண்டேஜ் மாமா, இப்ப கிடைக்காது'ன்னு பெருமை வேற. அடேய், நான் பஸ் ஸ்டாண்டு ஓரம் பெட்டிக்கடை வெச்சிருந்தப்ப கம்பெனிக்காரன் இதைச் சும்மா கொடுத்து, ஆணியும் அவனே அடிச்சுட்டுப் போவான். துருப்பிடிச்ச எனாமல் போர்டு ஒண்ணு நம்ம வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவா ரொம்ப நாள் இருந்துச்சு. அதோட மதிப்பு கோழிக்குத் தெரியல. உன்னை அப்பவே பார்த்திருந்தா அதுக்குச் சொல்லிக் கொடுத்திருப்ப.

அந்தக் கடையை நீ பார்த்ததில்லை. உங்க அப்பன் பார்த்திருக்கான், பாக்கியும் வெச்சிருக்கான். கம்பத்துல தேங்காய்நார்க் கயிறு ஒண்ணு தொங்கும். நுனியில எந்நேரமும் நெருப்பு கனன்னுக்கிட்டே இருக்கும். சிகரெட் வாங்கினவன் அந்தக் கயித்தைத் தூக்கி, ஊதி, கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பத்த வைப்பான். சாம்பல் சட்டையில விழும், புகை மூக்குல ஏறும், ஒரு இருமல் வரும். அவன் தலைக்கு மேல, போர்டுல, ஒரு ஆளு வெள்ளை வெளேர்னு சட்டை போட்டுக்கிட்டு ரெண்டு விரலுக்கு நடுவுல சிகரெட்டைப் பட்டும் படாம வெச்சுக்கிட்டுச் சிரிப்பான். கயித்தை விட்டவன் ஒரு தரம் அண்ணாந்து அவனைப் பார்ப்பான். சட்டையைத் தட்டி விட்டுக்குவான். முதுகை நிமிர்த்துவான். அந்த நிமிர்றதுக்குத்தான் மாப்ள கம்பெனிக்காரன் அத்தனை செலவு பண்ணினது.

போர்டை உத்துப் பார்த்தவன் நான். கல்லாவுல உக்காந்தவனுக்கு வேற என்ன வேலை? அந்தச் சிகரெட்டுல சாம்பலே இருக்காது. எப்பவும் இப்பத்தான் பத்த வெச்ச சிகரெட். புகை வந்தாலும் மேகத்துல பாதி, மெலிசா, மேல பார்த்துப் போகும். எவன் பல்லும் மஞ்சளா இல்லை. எவன் விரலும் கருக்கல. எவனும் காசு எடுத்துக் கொடுக்கல, சில்லறை இல்லைன்னு எவனும் சண்டை போடல. என் கடையில இதெல்லாம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நடக்கும். மேல ஒரு உலகம், கீழே ஒரு உலகம், நடுவுல ஆணி.

வேன்ல வர்ற சேல்ஸ்மேன் ரொம்ப மரியாதைக்காரன். 'அண்ணே, இந்தப் பாக்கெட் கண்ணு மட்டத்துல இருக்கட்டும், பீடிக்கட்டைக் கீழே தள்ளிக்கங்க'ன்னு கெஞ்சுவான். பீடி பிடிக்கறவன் குனிஞ்சுதான் வாங்கணும். குனிஞ்சு வாங்கறவனுக்கு ஒரு நாள் நிமிர்ந்து வாங்கணும்னு தோணும். அந்த ஒரு முழ உயரத்தை ஏறறதுக்கு நம்ம ஊர்க்காரன் எத்தனை பேரு கூலியில பாதியைக் கொடுத்தான் தெரியுமா? அதுல உங்க அப்பனும் ஒருத்தன். பாக்கிக் கணக்கு அப்படி வந்ததுதான்.

பெரியவங்க கதை போகட்டும், வாண்டுங்க கதையைக் கேளு. காலிப் பெட்டிக்கு என் கடை வாசல்ல அடிதடி நடக்கும். பெட்டியைப் பிரிச்சு முகப்பு அட்டையை மட்டும் கிழிச்சு எடுத்து, கட்டுக் கட்டா சேர்த்து, டிராயர் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுத் திரிவானுங்க. மண்ணுல வட்டம் கிழிச்சு நடுவுல அட்டையை அடுக்கி, தட்டைக் கல்லால அடிச்சு வெளியே தள்ளணும். தள்ளினது தள்ளினவனுக்கு. சார்மினார் அட்டைக்கு மதிப்புக் கம்மி, சாக்கடை வரைக்கும் கிடக்கும். சிசர்ஸ் அதுக்கு மேலே. பாசிங் ஷோ பெட்டியில உயரத் தொப்பி வெச்ச துரை ஒருத்தன் இருப்பான், அவனுக்குத் தனி மரியாதை. கோல்ட் பிளேக் மஞ்சளுக்கு நாலு சிசர்ஸ் கேப்பானுங்க. பெங்களூர் ரோட்டுல போற கார்க்காரன் எவனாவது வீசிட்டுப் போன ஃபாரின் அட்டை கிடைச்சவன் அன்னைக்கு ராஜா. அனா ஆவன்னா கைக்கு வர்றதுக்கு முன்னாலயே எது ஒசத்தி, எது மட்டம்னு மண்டையில ஏறிடுச்சு. மீசை முளைச்சதும் நேரா வந்து கேட்டானுங்க பாரு, ஒருத்தனும் விலை கேக்கல. பேரைச் சொல்லித்தான் கேட்டான்.

அட்டையோட அருமை கம்பெனிக்காரங்களுக்கு ஆதியிலயே தெரியும். 1910ல கல்கத்தாவுல இம்பீரியல் டொபாக்கோ கம்பெனின்னு ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னாடி ஐ.டி.சி. ஆச்சு. 1925லயே பெட்டி செய்யறதுக்கும் அச்சடிக்கறதுக்கும் தனிப் பிரிவு வெச்சுட்டாங்க. நம்ம மெட்ராஸ் திருவொற்றியூர்ல அதுக்குப் பேக்டரியே இருக்கு. ஊருல பாதிப் பேருக்குப் போட்டுக்கச் சட்டை இல்லாத காலம், சிகரெட்டுக்கு மட்டும் கலர் கலரா சட்டை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறியா? என் பேத்தி பெங்களூர்ல விளம்பரப் படிப்பு படிக்கறா. லீவுக்கு வந்தா பாடத்தை எனக்குத்தான் ஒப்பிப்பா. அவளுக்குப் பரீட்சை, எனக்குப் பொழுதுபோக்கு.

உன் சுவத்துல இருக்கற ஜோடிக்கு வர்றேன். அது வில்ஸ் விளம்பரம். 'மேட் ஃபார் ஈச் அதர்'னு போட்டு அறுபது, எழுபதுகள்ல எந்தப் பத்திரிகையைத் திருப்பினாலும் ஒரு ஜோடி நிக்கும். அதுல சொன்னது புருஷன் பொண்டாட்டி பொருத்தம் இல்லை மாப்ள. புகையிலைக்கும் பில்டருக்கும் பொருத்தமாம்! அதைச் சொல்ல ஒரு பொண்ணும் பையனும் எதுக்குன்னு உங்க அத்தை அப்பவே கேட்டா. நல்ல ஜோடியைத் தேடறோம்னு போட்டியே வெச்சாங்க. வா, நாமளும் போவோம்னு கூப்பிட்டேன். 'உங்க பக்கத்துல நின்னா எனக்குப் பரிசு வராது, பில்டர்தான் வரும்'னுட்டா. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு எனக்குப் பதில் வரல.

பில்டர் வந்த கதை இன்னும் தமாசு. 1950ல இங்கிலாந்துல டால், ஹில்னு ரெண்டு பேரு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா விசாரிச்சு, நுரையீரல் புற்றுநோய்க்காரங்க பெரும்பாலும் சிகரெட்காரங்கன்னு கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. அமெரிக்காவுலயும் அதே வருஷம் அதே சேதி. ஜனங்களுக்குப் பயம் வந்துடுச்சு. பயந்தவன் விட்டுடுவானே, என்ன பண்றது? பஞ்சு வெச்சாங்க. நெஞ்சுக்கு ஒரு வாசற்படி கட்டின தைரியம் வந்துடுச்சு அவனுக்கு. 'லைட்'னு பேர் போட்டது வந்தப்ப இன்னும் தைரியம். ஆனா உடம்பு ஏமாறுமா? அதுக்கு வேண்டியது வர்ற வரைக்கும் ஆழமா இழுக்கும், நெறைய தரம் இழுக்கும். கடையில நான் பார்த்தேனே, பில்டருக்கு மாறினவன் கன்னம் உள்ளே ஒட்டற அளவுக்கு உறிஞ்சுவான்.

அந்தப் பில்டராலதான் உன் குதிரைக்காரனே வந்தான். அவன் கதை தெரியாமத்தான் தலைமாட்டுல மாட்டியிருக்க. மார்ல்பரோ 1924ல வந்தப்ப அது பொம்பளைங்க சிகரெட்டு. மே மாசம் எவ்வளவு இதமோ அவ்வளவு இதம்னுதான் விளம்பரமே. உதட்டுச் சாயம் தெரியக் கூடாதுன்னு நுனியில செவப்புக் காகிதம் சுத்தினதெல்லாம் உண்டு. அம்பதுகள்ல ஆம்பளைங்களுக்குப் பில்டர் விக்கணும், ஆனா பில்டர்னாலே பொம்பளை சமாச்சாரம்னு அவனுங்க மூஞ்சியைத் திருப்பினானுங்க. சிகாகோவுல லியோ பர்னெட்னு ஒரு விளம்பரக்காரர். மாடு மேய்க்கறவனைக் கூட்டிக்கிட்டு வந்து நிறுத்தினார். அவ்வளவுதான், அதே பேருல இருந்த சிகரெட்டுக்கு ராத்திரியோட ராத்திரியா மீசை முளைச்சுடுச்சு.

மாடு மேய்க்கறவன்தானேடா அவன்? நம்ம ஊர்ல மாடு மேய்க்கறவன் படத்தை நீ என்னைக்காவது கண்ணாடி போட்டு மாட்டினியா? நானே பத்து வயசு வரைக்கும் சூளகிரி மலையடிவாரத்துல மாடு மேய்ச்சவன். என் போட்டோ ஒண்ணு இருக்கு, கொண்டு வரட்டுமா?

அந்த வேஷம் கட்டி நின்னவங்கள்ல வெய்ன் மெக்லாரன்னு ஒருத்தர், 1992ல நுரையீரல் புற்றுநோய்லயே போயிட்டார். சாகறதுக்கு முன்னால சிகரெட் வேண்டாம்னு ஊர் ஊரா சொல்லிட்டுப் போனார். டேவிட் மெக்லீன்னு இன்னொருத்தர் 1995ல போனார், அவருக்கும் அதே வியாதி. குதிரைங்க நல்லா இருந்திருக்கும்னு நெனைக்கறேன், அதுங்க பிடிக்கலையே.

டாக்டருங்களையும் விடல. 1946ல கேமல் கம்பெனி, டாக்டருங்க அதிகமாப் பிடிக்கறது எங்க சிகரெட்தான்னு விளம்பரம் போட்டுச்சு. வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஸ்டெதாஸ்கோப், கையில சிகரெட். எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு பேத்தி சொன்னா பாரு, நான் சிரிச்ச சிரிப்புல வெத்தலை புரையேறிடுச்சு. டாக்டருங்களுக்கு முதல்ல இலவசமாப் பாக்கெட்டைக் கொடுக்கறது. அப்புறம் 'ஐயா, நீங்க எந்த பிராண்டு?'ன்னு கேக்கறது. நம்ம எலெக்‌ஷன்ல வேட்டி சேலை கொடுத்துட்டு ஓட்டுக் கேக்கறவனுக்கு இது யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு இத்தனை நாளாத் தெரியாம இருந்தேன்.

ஆனா எல்லாத்துக்கும் பெரிய ஆளு எட்வர்ட் பெர்னேஸ். 1929, நியூயார்க், ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை ஊர்வலம். பொம்பளைங்க தெருவுல சிகரெட் பிடிச்சா அசிங்கம்னு அங்கேயும் இருந்த காலம். லக்கி ஸ்டிரைக் கம்பெனிக்குப் பாதி உலகம் கைவிட்டுப் போகுதேன்னு கவலை. இந்த ஆளு சில பொண்ணுங்களை ஏற்பாடு பண்ணி, ஊர்வலத்துல எல்லாரும் பார்க்கப் பத்த வெக்கச் சொல்லி, பத்திரிகைக்காரனுக்கும் முன்னாடியே தகவல் கொடுத்து, 'இது சிகரெட் இல்லை, சுதந்திரத் தீப்பந்தம்'னு பேர் வெச்சுட்டார். மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. பொண்ணுங்க கேட்டது வேலை, சம்பளம். அதையெல்லாம் கொடுக்கறதுக்கு வருஷக்கணக்காகும். சிகரெட்டு உடனே கொடுத்துடலாமே.

இதைக் கேட்டப்ப எனக்கு எங்க அவ்வா ஞாபகம் வந்துச்சு. கேழ்வரகுக் கொல்லையில களை எடுத்துட்டு, வரப்புல குந்திக்கிட்டு, மடியில இருந்து சுருட்டை எடுத்துப் பத்த வைப்பா. பக்கத்துல தாத்தா போவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேசினா சுருட்டோட நெருப்பு அவர் பக்கம் திரும்பும். அவளை வெச்சு எவனும் போர்டு அடிக்கல. முழங்கால் வரைக்கும் சேறும், பொக்கை வாயும், முழ நீளத்துக்கு இருமலும் இருந்தா யாரு அடிப்பான்? சுதந்திரம் அவகிட்ட இருந்துச்சு, அழகு இல்லை. விளம்பரக்காரனுக்கு வேண்டியது தலைகீழ்.

எண்பதுகள்ல சார்ம்ஸ்னு ஒண்ணு வந்துச்சு. ஹைதராபாத் வசீர் சுல்தான் கம்பெனியோடது. பெட்டியே ஜீன்ஸ் துணி கணக்கா அச்சடிச்சிருப்பான். அதுவும் சுதந்திரம்தான் பேசிச்சு. ஓசூர்ல அப்பத்தான் சிப்காட்டுக்குள்ள பேக்டரிங்க ஒண்ணொண்ணா எழும்புது. ஊரை விட்டு வந்து, எட்டு பேரு ஒரு ரூம்ல படுத்து, சூப்பர்வைசர் திட்டறதைக் கேட்டுக்கிட்டு நின்ன பசங்க, சாயங்காலமானா சட்டைப் பையில அந்த ஜீன்ஸ் பெட்டி வெளியே தெரியற மாதிரி வெச்சுக்குவானுங்க. ஜீன்ஸ் வாங்கக் காசு இல்லை. பெட்டி வாங்கலாம்.

சரி, சினிமாவை விட்டுட்டா நம்ம ஊர்க்காரன் கோவிச்சுக்குவான். 'சாந்தி' படத்துல சிவாஜி சிகரெட்டை வெச்சுக்கிட்டு நடந்த நடைக்குக் கொட்டகையில விசில் பறந்துச்சு. எம்.ஜி.ஆர். அதைக் கையால தொட மாட்டாருன்னு பேர் வாங்கினவரு, அதனால என் கடைக்கு அவர் ரசிகருங்க கடலைமிட்டாய்க்குத்தான் வருவாங்க, வியாபாரத்துல எனக்கு ரொம்ப நஷ்டம். அப்புறம் ரஜினி வந்தார். வேப்பனஅள்ளிப் பக்கம் நாச்சிக்குப்பம் அவங்க பூர்வீகம். நம்ம ஜில்லா ஆளுன்னு நமக்கு ஒரு மிதப்பு வேற. 1976ல 'மூன்று முடிச்சு' வந்த பிறகு என் கடை வாசல்ல எவனும் சிகரெட்டை வாயில வெக்கல, எறிஞ்சான். எறிஞ்சது மூக்குல பட்டு டீ கிளாஸுக்குள்ள விழும். கொத்தமல்லிக் கட்டுக்காரன் மகன் ஒருத்தன் பத்த வெச்ச பக்கத்தை உதட்டுல பிடிச்சு, ஒரு வாரம் மோர்க்கஞ்சி குடிச்சான். நஷ்டப்பட்டவன் ஒவ்வொருத்தனும் இன்னொண்ணு வாங்கினான். போர்டை விட எனக்கு அந்தப் படம் அதிகம் வித்துக் கொடுத்துச்சு.

2002ல 'பாபா' வந்தப்ப அவர் புகை பிடிக்கறதை எதிர்த்துப் பாமக ராமதாஸ் வரிஞ்சு கட்டிக்கிட்டு நின்னார், ஊரெல்லாம் ரகளை. 2023ல ஒரு நாடக விழா மேடையில ரஜினியே, கண்டக்டரா இருந்தப்ப கணக்கு வழக்கில்லாமப் பிடிச்சேன், என்னை மாத்தினது என் மனைவிதான்னு சொன்னார். எறியறதைக் கத்துக்கிட்டவங்க எவனும் அந்தப் பேச்சைக் கத்துக்கல. அதுல ஸ்டைல் இல்லையே.

டி.வி. வந்த பிறகு இன்னொரு வித்தை. தூர்தர்ஷன்ல சிகரெட் விளம்பரத்துக்கு இடம் கிடையாது. ஆனா கிரிக்கெட்டுக்கு உண்டே! தொண்ணூறுகள்ல நம்ம டீம்காரங்க மார்புல 'வில்ஸ்'னு எழுதியிருக்கும். 1996 உலகக் கோப்பைக்குப் பேரே வில்ஸ் உலகக் கோப்பை. பெங்களூர்ல பாகிஸ்தானோட கால் இறுதி, வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சோஹைலோட ஸ்டம்பைப் பேத்தாரே, அன்னைக்கு என் கடை டி.வி. முன்னால நின்ன கூட்டத்துல பாதி அரை டிராயர் பசங்க. அதே வருஷம் கோவா டாக்டருங்க பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினாங்களாம். சிகரெட் கம்பெனி நடத்தின கிரிக்கெட்டைப் பார்த்த பசங்க மனசுல, இந்த ஆட்டக்காரங்க சிகரெட் பிடிக்கறவங்கதான்னு பதிஞ்சிருந்துச்சாம். சிகரெட்டுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்னு எவனும் கேக்கல. ரெண்டு ரன் ஓடிட்டு மூச்சு வாங்கற எங்க கூட்டம் கைதட்டிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் சர்க்கார் முழிச்சுக்கிச்சு. பெட்டியில எச்சரிக்கை போடணும்னு 1975லயே சட்டம் வந்துச்சுதான், பொடி எழுத்துல ஓரமா. 2003ல பெரிய சட்டம் போட்டு, 2004 மே மாசத்துல இருந்து விளம்பரத்துக்குத் தடை. என் கடை போர்டுல இருந்த சிரிச்ச மூஞ்சிக்காரனை இறக்கின அன்னைக்கு, ஆணி அடிச்ச இடத்துல ஓட்டை மட்டும் இருந்துச்சு. 2008 காந்தி ஜெயந்தியில இருந்து பொது இடத்துல பிடிக்கக் கூடாதுன்னாங்க, அப்ப மந்திரி அன்புமணி. 2016ல இருந்து பெட்டியில நூத்துக்கு எண்பத்தஞ்சு பாகம் எச்சரிக்கைப் படம். அழகா அச்சடிக்கறதுன்னு ஆரம்பிச்ச கம்பெனி, இப்ப தன் காசுலயே அந்தப் புண்ணையும் அதே தரத்துல அச்சடிக்க வேண்டியதாப் போச்சு. இதுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நீ என்ன பண்ற? பெட்டியைப் பிரிச்சு, குச்சிங்களை எடுத்து, அந்தப் பழைய தகர டப்பாவுல அடுக்கி வெச்சுக்கற. பார்த்தேன், மேசையில இருந்துச்சு. மூடியில கப்பல், தங்க எழுத்து, உள்ளே வெள்ளித்தாள். புண்ணு படம் போட்ட பெட்டி கட்டிலுக்கு அடியில. கம்பெனி பண்ணக் கூடாதுன்னு சர்க்கார் தடுத்த வேலையை நீ ராத்திரி உக்காந்து சொந்தச் செலவுல பண்றியேடா! உன் கூட்டாளிங்க பெட்டி வாங்கவும் வழியில்லாம சிங்கிளா வாங்கறானுங்க. அவனுங்களுக்குப் படத்தோட சங்காத்தமே இல்லை. அதான் சிங்கிள் விக்கக் கூடாதுன்னு கர்நாடகாக்காரன் சட்டம் போட்டான். வயசையும் இருபத்தொண்ணு ஆக்கிட்டான். நமக்கு இன்னும் பதினெட்டுதான். உன் கூட வேலை செய்யற அந்தப் பத்தொம்பது வயசுப் பையன் ஜூஜூவாடியில பெரிய மனுஷன், அத்திப்பள்ளி தாண்டினா கொழந்தை. பஸ்ல ஏறி ரெண்டு ஸ்டாப் போனா வயசு கொறையற வசதி வேற எந்த ஊர்ல இருக்கு?

பழைய விளம்பரம் செத்துப் போச்சுன்னும் நெனச்சுடாதே. ஏலக்காய் விக்க இந்தி நடிகருங்க கோட்டுப் போட்டுக்கிட்டு வர்றாங்க பாரு. ஏலக்காய்க்கு எதுக்குடா கோட்டு? அதே பேருல புகையிலைச் சரக்கு இருக்கறதாலதான். 2022ல அக்‌ஷய் குமார் ஜனங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு விலகினார். அதுக்கு முந்தின வருஷம் அமிதாப் ஒரு பான் மசாலாக் கம்பெனியை விட்டு விலகினார். நம்ம ஊர்ல குட்காவுக்கு 2013ல இருந்து தடை, ஆனாலும் செக்போஸ்ட்ல மூட்டை மூட்டையாப் பிடிக்கறாங்கன்னு பேப்பர்ல வராத வாரம் இல்லை.

சரி, முறைக்கு வருவோம். படத்துல இருக்கறபடியே பிடிக்கணும்னா சில சாமான் வேணும். முதல்ல குதிரை. குதிரை எங்கே மாப்ள? நம்மகிட்ட இருக்கறது எருது. எருது விடும் விழாவுல வர்ற காளையா ஒண்ணு பார்த்துத் தர்றேன், ஏறி உக்காந்து தூரத்துல பாரு. பார்க்கறதுக்குள்ள நீயே தூரத்துல கிடப்ப. பின்னால பனிமலை வேணுமா? கவலையே வேண்டாம், கெலவரப்பள்ளி டேமுக்குப் போ. பெங்களூர்க்காரன் தென்பெண்ணையில அனுப்பற நுரை வெள்ளை வெளேர்னு ஆள் உயரத்துக்கு நிக்கும், சுவிட்சர்லாந்து தோத்துடும். மூக்கை மட்டும் பொத்திக்க, அப்ப சிகரெட்டை எங்க வெக்கறதுன்னு யோசி. பக்கத்துல பட்டுப்புடவை கட்டின பொண்ணு சிரிக்கணும். உன் வாய் நாத்தத்துக்குப் பக்கத்துல வந்து சிரிக்கறதுக்குப் பேத்தி காலேஜ்ல யாராவது காசுக்கு வருவாங்களான்னு கேட்டேன். மாடலுக்கு ஒரு நாளைக்கு ஆகற செலவைச் சொன்னா. உன் மாசச் சம்பளம் தாங்காது.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. படத்துல நிக்கறவன் காசு வாங்கிக்கிட்டு நிக்கறான். குதிரைக்காரன், டாக்டர் வேஷக்காரன், கோட்டுக்காரன், எல்லாருமே. நீ மட்டும் டீக்கடை வாசல்ல, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கற உன் ஜூனியர் பசங்க பார்க்க, ஒரு காலை மடக்கிச் சுவத்துல வெச்சுக்கிட்டு, புகையை மேல பார்த்து விட்டு, அதே போஸ்ல நிக்கற. தினமும். லீவு கூட எடுக்காம. போர்டு வெக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த பிறகு கம்பெனிக்கு இருக்கற போர்டே நீதான். வாடகை கேட்டியா?

ஞாயித்துக்கிழமை பேரிகைக்குப் பொண்ணு பார்க்கப் போறோம், ஞாபகம் இருக்கட்டும். நல்ல குடும்பம், புளியந்தோப்பு இருக்கு, பொண்ணு நர்சிங் முடிச்சுட்டு ஓசூர்ல ஆஸ்பத்திரியில வேலை பார்க்குது. அந்தப் பொண்ணோட அப்பா நேத்தே எனக்குப் போன் பண்ணிட்டார். 'மாமா, பையனுக்கு ஏதாவது பழக்கம் வழக்கம் உண்டா, உள்ளதைச் சொல்லிடுங்க'ன்னார். தாய்மாமன் வாயில பொய் வரலாமா? 'பழக்கமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சம்பந்தி, பையன் சிப்காட்டுல வேலை பார்த்துக்கிட்டே சாயங்காலத்துல விளம்பரக் கம்பெனிக்கு மாடலா நிக்கறான்'னு சொல்லி வெச்சேன். அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டு, அதுல எவ்வளவு வருதுன்னு கேட்டார். ஞாயித்துக்கிழமை நேர்லயே சொல்லுவான்னு சொல்லியிருக்கேன்.